ஒரே டப்பா, இரண்டு நிறம்

ஒரே டப்பாப் பெயிண்டில் தக்காளியைச் சிவப்பாகவும் கேரட்டை ஆரஞ்சாகவும் அடிக்கும் வித்தை மூவுலகிலும் ஒருத்திக்குத்தான் தெரியும். பொம்மைப் பட்டறையில் பெயிண்ட் கலக்குபவள் அவள். பாவம், அப்படியொரு வித்தை தன் கையில் இருப்பது அவளுக்கே தெரியாது. தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டாள்.

வந்த ஆர்டர் எளியதுதான். மரத்தில் கடைந்த தக்காளி, கேரட் இரண்டுக்கும் ஒரே நிறம்; சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஊசலாடுகிற நிறம். சாயங்கால லாரியில் சரக்கு ஏறாவிட்டால் பெயிண்ட் கலக்கும் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று முதலாளி சொல்லிவிட்டார். சரக்கைப் பார்த்துச் சரி சொல்லும் பொறுப்போ அவளுடைய நாத்தனாரிடம். அந்த நாத்தனாரின் கண் இருக்கிறதே, பாலில் வெள்ளை குறைகிறது என்று மாட்டிடமே போய்ச் சண்டை போடும் கண்!

"அண்ணி, தக்காளி சிவப்பா இருக்கு, கேரட் ஆரஞ்சா இருக்கு. ரெண்டு டப்பா கலந்திருக்கீங்க."

"ஒரே டப்பாதாம்மா."

"என் காதுல பூ சுத்தாதீங்க."

மறுபடி அடித்தாள். மறுபடி திரும்பி வந்தது. பெயிண்ட் காய்வதற்குள் அவள் தொண்டை காய்ந்தது. கடைசியில் நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, கண்ணெதிரே ஒரு தக்காளியையும் ஒரு கேரட்டையும் ஒரே டப்பாவில் முக்கி எடுத்தாள்.

"இப்ப?"

"இப்பவும் தக்காளி சிவப்புதான். டப்பாவுக்குள்ளயே ஏதோ தில்லுமுல்லு பண்றீங்க!"

வெளியே லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். அவள் உச்சந்தலையில் கிளம்பிய ஆவியில் ஒரு அண்டா தண்ணீர் கொதித்திருக்கும்.

"உங்க அண்ணனைக் கட்டிக்கிட்டேன் பாரு, எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்!" என்று ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்தாள். அட்டையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு இரண்டு ஓட்டை போட்டாள். நாத்தனாரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, பொம்மைகளை அட்டைக்குப் பின்னால் வைத்தாள். உருவம் மறைந்தது. ஓட்டைக்கு ஒரு பொட்டு நிறம் மட்டும் தெரிந்தது.

"எது தக்காளி? சொல்லு தாயே."

நாத்தனார் குனிந்தாள், நிமிர்ந்தாள், கண்ணைக் கசக்கினாள். "இது... இதுதான். செக்கச்செவேல்னு இருக்கே!"

அண்ணி அட்டையை எடுத்தாள். கேரட்!

நாத்தனார் அட்டையைப் பிடுங்கித் தானே வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்று. விலக்கினாள், தக்காளி சிவந்தது. மறைத்தாள், சிவப்பு ஓடிவிட்டது. லாரிக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். நாத்தனார் காதில் விழவேயில்லை.

"தக்காளின்னு தெரிஞ்சதுமே என் கண்ணு அதுவா சிவப்பைப் பூசிக்குது அண்ணி," என்றாள், குரல் இறங்கி. "ஒரே டப்பாதான். ஏத்தச் சொல்லுங்க."