விலகிய தேதி

தஹானி இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள். வெயில் பின்னாலிருந்து அடித்ததால் கீழ்த்தாளின் எழுத்துகள் மேல்தாளில் பளிச்சென்று தெரிந்தன. கீழே இருந்தது கையெழுத்துப் போட்ட ஒரு ராஜினாமாக் கடிதம். அதில் தேதிக்கான இடம் மட்டும் காலி. மேலே இருந்தது ஒரு வெற்றுத்தாள். அதில் தேதியைத் தவிர வேறொன்றும் இல்லை. தேதி அந்தக் காலியிடத்தில் நூல் பிடித்தாற்போல் உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. இந்த அச்சு இயந்திரத்துக்கு வெயில் ஏறினால் இதே வம்புதான். அவள் நாற்காலிக்குத் திரும்பி வரியை ஒரு புள்ளி மேலே தள்ளினாள்.

பொர்க் எல் அரப் தொழில்நகரத்தில் இருக்கும் அந்த பிளாஸ்டிக் நாற்காலி ஆலையில் வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் நாளே மூன்று தாள்களில் கையெழுத்துப் போடுவார்கள். ஒப்பந்தம் ஒன்று, காப்பீட்டுப் படிவம் ஒன்று, தேதி இல்லாத ராஜினாமா ஒன்று. ஏன் என்று கேட்டவனுக்கு இரண்டாம் நாள் கிடையாது. ஆலைக்கு ஒருவர் வேண்டாமென்றால் பணியாளர் பிரிவு அதிகாரி ரஃபத் இரும்புப் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்துப் பேனாவால் தேதி போடுவார். அப்படிப் போட்ட ஒரு தேதியை ஒரு வக்கீல் நீதிமன்றத்தில் பிடித்துக்கொண்டார். கடிதம் அச்சில் இருக்கிறது, தேதி மட்டும் எப்படிப் பேனாவில் வந்தது என்று கேட்டார். ஆலை தோற்றது. மறுநாள் ரஃபத் தஹானியைக் கூப்பிட்டார்.

அவள் ஒரு வாரம் உட்கார்ந்து அந்தக் கோப்பைச் செய்தாள். வேர்டு கோப்பின் பண்புகளில் தானே பெயர் வைத்து நான்கு ஃபீல்டுகளைச் சேர்த்தாள். பெயர், அடையாள அட்டை எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி. ஓரிடத்தில் அடித்தால் போதும், ஒப்பந்தம், வேலைச் சான்றிதழ், ராஜினாமா மூன்றும் தாமாகவே நிரம்பும். விலகிய தேதி காலியாக இருந்தால் சான்றிதழில் 'இன்று வரை எங்கள் ஆலையில் வேலை பார்க்கிறார்' என்று வரும். அதில் தேதி விழுந்துவிட்டால் அந்த வரி மறைந்து 'இந்தத் தேதியில் தன் விருப்பத்தால் விலகிக்கொண்டார்' என்று வேறு வரி வரும். கையெழுத்தான கடிதத்தைத் திரும்ப அச்சில் விடும்போது மற்ற எழுத்தெல்லாம் வெள்ளையாகி, தேதி மட்டும் கறுப்பாக விழும். ரஃபத் மூக்கின் மேல் விரல் வைத்தார். "உங்களுக்குள்ள ஜின்னு ஏதோ புகுந்திருக்கு மதாம்" என்றார். அந்தப் பாராட்டு அவளுக்கு இனிக்கத்தான் செய்தது.

அதற்குப் பிறகு பதினொரு பேருக்குத் தேதி போட்டிருக்கிறாள். எப்படியும் அனுப்பத்தான் போகிறார்கள், என் கையால் போனால் என்ன, வேறு கையால் போனால் என்ன என்று மனத்தைத் தேற்றிக்கொள்வாள்.

இன்று தாளை நேராக்கி முடித்த பிறகுதான் பெயரைப் பார்த்தாள். ஷெஹாத்தா. வார்ப்புப் பிரிவு. செவ்வாய்க்கிழமை நாற்காலி வார்க்கும் இயந்திரம் மூடியபோது வலது கையின் நான்கு விரல்களை உள்ளே விட்டவர். திரையில் ரஃபத் எழுதிக் கொடுத்திருந்த தேதி, அதற்கு இரண்டு நாள் முந்தைய ஞாயிற்றுக்கிழமை.

அவள் எழுந்து அவர் அறைக்குப் போனாள். அச்சு இயந்திரமும் முத்திரையும் அங்கேதான் இருந்தன. ரஃபத் அவரை மசியல் வைத்த ஃபூல் ரொட்டியைத் தின்றுகொண்டே வருகைப் பதிவைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"உஸ்தாத், தேதியில ஏதோ கைத்தவறுன்னு நெனைக்கிறேன். ஷெஹாத்தாவுக்கு அடிபட்டது செவ்வாய்க்கிழமை."

"ஆமா. ஞாயித்துக்கிழமையே விலகிட்டாரு. விலகின மனுசன் செவ்வாய்க்கிழமை எதுக்கு மிஷின்கிட்டப் போனாருன்னு அவரைத்தான் கேக்கணும்."

"திங்கக்கிழமை பஸ்ல எனக்குப் பின் சீட்டுலதான் வந்தாரு. மகளுக்குப் பல்வலின்னு பேசிட்டு வந்தாரு."

"பஸ்ல யார் வேணா ஏறலாம்." அவர் ரொட்டியின் காகிதத்தைச் சுருட்டினார். "மதாம், வருகைப் பதிவை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க ஃபீல்டைப் பாருங்க. பெட்டியில இன்னும் நானூறு கடிதம் இருக்கு. எல்லார் கடிதமும் இருக்கு."

எல்லார் கடிதமும் என்றால் அவளுடையதும்தான். ஆறு வருடத்துக்கு முன் அவள் போட்ட கையெழுத்து அந்தப் பெட்டியில் படுத்திருந்தது. கணவனுக்குத் துறைமுகத்தில் வேலை போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவள் கடிதத்தை அச்சு இயந்திரத்தின் தாள்தட்டில் வைத்து, தன் மேசைக்கு வந்து, அச்சிடச் சொன்னாள். தேதி கோட்டின் மேல் மிக அழகாக விழுந்தது.

பத்து மணிக்கு வாசல் பக்கக் கம்பி ஜன்னலில் யாரோ தட்டினார்கள். ஷெஹாத்தாவின் மனைவி ரதீபா. கக்கத்தில் எக்ஸ்ரே படம் வைத்த பெரிய உறை. இரண்டு இரவு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்த முகம்.

"தஹானி அப்லா, காப்பீட்டு ஆஸ்பத்திரியில படுக்கை தர மாட்டேங்கறாங்க. ஆலையில வேலை பாக்கறவர்தானான்னு முத்திரை போட்ட கடிதம் வேணுமாம். அது இருந்தா இன்னைக்கே ஆபரேஷன். கை மேல வரைக்கும் கறுத்துட்டு வருது. இன்னும் தள்ளிப்போட்டா மணிக்கட்டோட எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு."

"கொஞ்சம் இருங்க. கேட்டுட்டு வரேன்."

ரஃபத் தயங்கவே இல்லை. "தாராளமாக் குடுங்க. நம்ம ஆலையில கடிதம் தரலன்னு யாரும் சொல்லக் கூடாது" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. கோப்பு என்ன வரி எழுதும் என்று அவருக்குத் தெரியும்.

தஹானி கோப்பைத் திறந்து சான்றிதழ்ப் பக்கத்துக்குப் போனாள். திரையில் இருந்த வரியை இரண்டு முறை படித்தாள். 'இன்று வரை எங்கள் ஆலையில் வேலை பார்க்கிறார்.' பழைய வரி மாறாமல் அப்படியே இருந்தது. ராஜினாமாப் பக்கத்தில் தேதியைப் புதுப்பித்தவள் சான்றிதழ்ப் பக்கத்தைப் புதுப்பிக்கவில்லை. ஃபீல்டுகள் அப்படித்தான். உள்ளே மதிப்பை மாற்றினாலும், அந்த இடத்தில் நின்று விசையைத் தட்டும்வரை பழையதையே காட்டும். புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி அது.

தட்டாமல் விட்டால் போதும். வியாழக்கிழமை என்பதால் பள்ளிக்கு, வங்கிக்கு, விசாவுக்கு என்று இருபது சான்றிதழ்கள் வரிசையில் இருந்தன. ரஃபத் அவற்றைப் படிப்பதில்லை. கோப்பை நம்பி, தாளின் மூலையைத் தூக்கித் தூக்கி முத்திரை குத்துவார். அதன் நடுவில் இதுவும் போய்விடும். இன்றைய தேதியில், ஆலையின் முத்திரையோடு, ஷெஹாத்தா எங்கள் ஆள் என்று ஒரு தாள் ரதீபாவின் கையில் இருந்தால், இரும்புப் பெட்டிக் கடிதத்தை எந்த நீதிபதியும் நம்ப மாட்டார். ஆஸ்பத்திரியும் இன்றே படுக்கை தரும். யாராவது கேட்டால் ஃபீல்டு புதுப்பிக்கவில்லை, மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். அது பொய்கூட இல்லை.

அவள் ஷெஹாத்தாவின் தாளைப் பன்னிரண்டாவதாக வைத்து, அத்தனையையும் அச்சுக்கு அனுப்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் தாள் தாளாகத் துப்பும் சத்தம் கேட்டது. பிறகு முத்திரை. தட், தட், தட். எங்கேயும் நிற்கவில்லை. பன்னிரண்டை எண்ணினாள், பதினைந்தை எண்ணினாள், இருபதையும் எண்ணினாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளுக்குத் தன் வேலையின் மேல் ஒரு சந்தோஷம் வந்தது. எழுந்து போய்த் தாள்கட்டை எடுத்தாள். வாசல்படியிலேயே பன்னிரண்டாவது தாளை உருவினாள்.

'பதினொன்றாம் தேதி தன் விருப்பத்தால் விலகிக்கொண்டார்.'

ஓடாத குறையாக மேசைக்கு வந்து திரையைப் பார்த்தாள். அங்கும் இப்போது அதே வரிதான் இருந்தது. அமைப்புப் பட்டியலைத் திறந்தாள். 'அச்சிடும் முன் ஃபீல்டுகளைப் புதுப்பி' என்ற வரிக்கு முன்னால் ஒரு சின்ன டிக். காலையில் ராஜினாமாப் பக்கம் மட்டும் அச்சுக்குப் போனதால் சான்றிதழ்ப் பக்கம் அதற்குத் தப்பியிருந்தது. போன குளிர்காலத்தில் ஒருவர் சான்றிதழில் இன்னொருவர் அட்டை எண் போய்விட்டது. அன்று வாங்கிய ஏச்சுக்குப் பிறகு, இனி எந்தத் தாளும் பழைய மதிப்போடு வெளியே போகக் கூடாது என்று அவளே போட்ட டிக் அது. அவள் அதை எடுத்தாள். விலகிய தேதியை அழித்து, வரியைப் பழையபடி கொண்டுவந்து மறுபடி அச்சுக்கு அனுப்பினாள். தவறான தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ரஃபத் அறைக்குப் போனாள்.

"உஸ்தாத், இது ஒண்ணு சரியா வரல. வேற அடிச்சிருக்கேன். முத்திரை மட்டும் போட்டுக் குடுங்க."

ரஃபத் அவள் கையிலிருந்த தாளை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து படித்தார். பிறகு இயந்திரத்தில் வந்து விழுந்திருந்த புதிய தாளை எடுத்து அதையும் படித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"முதல்ல அடிச்சதுதான் சரி" என்றார். "உங்க கோப்பு தப்புப் பண்ணாது மதாம். மனுசங்கதான் பண்ணுவாங்க." புதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முத்திரைத் தாளை அவளிடம் நீட்டினார். "வெயில்ல நிக்குறாங்க பாவம். நீங்களே குடுத்துடுங்க."

அவர் அவள் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றார்.

ரதீபா இரண்டு கையாலும் தாளை வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முத்திரையைத்தான் தேடினாள். ஊதா மை தெளிவாக விழுந்திருப்பதைப் பார்த்ததும் அவள் தோள்கள் இறங்கின.

"இதைக் காட்டினா பிள்ளைங்க அப்பாவை உள்ள எடுத்துப்பாங்கல்ல, அப்லா?"

தஹானி திரும்பிப் பார்க்கவில்லை. ரஃபத் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவது கேட்டது. அதில் பெட்டியின் சாவியும் இருந்தது.

"கொண்டு போய்க் குடுங்க" என்றாள்.

"உன் கைக்கு ஒரு குறையும் வராம இருக்கட்டும், அப்லா. பத்து விரலும் நல்லா இருக்கட்டும்."

ரதீபா தாளை மடிக்கவில்லை. மடித்தால் முத்திரை அழிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை உருவி, வேர்வை படாதபடி தாளை அதோடு சேர்த்து உள்ளே விட்டாள். சாலையைக் கடந்து ஓடி, போய்க்கொண்டிருந்த மைக்ரோபஸ்ஸை நிறுத்தினாள். உள்ளே நிற்கக்கூட இடமில்லை. உறை கசங்கிவிடாமல் அதைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு படியில் தொற்றி ஏறினாள்.