சாப்பிடக் கூப்பிடுகிறவள்

அந்தத் துறைமுக நகரத்தில் பகல் பன்னிரண்டு அடித்துவிட்டது என்பதற்காக யாரும் சாப்பாட்டில் கை வைத்துவிட மாட்டார்கள். துறைமுக அலுவலகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து, "கடல்ல இருக்கறவங்களே, சாப்பிட வாங்க!" என்று ஒரு குரல் மூன்று தடவை கூப்பிட வேண்டும். அதன் பிறகுதான் கடைகளின் ஷட்டர் பாதி இறங்கும், அலுவலகங்களில் டப்பாக்கள் திறக்கும். கடலில் இருப்பவர்களுக்கு அது எட்டுமா என்றால், எட்டாது. யார் ஆரம்பித்த வழக்கம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒலிபெருக்கி வைத்துவிடலாமே என்று ஒருமுறை பேச்சு எழுந்தபோது ஊரே சண்டைக்கு வந்துவிட்டது. மனுஷத் தொண்டைதான் வேண்டுமாம்.

பதினோரு வருஷமாக அந்தத் தொண்டை, அந்த அலுவலகத்தின் தபால் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண்ணுடையது. ஊரார் அவளைக் 'கூவலக்கா' என்றார்கள். வயது ஐம்பத்து நான்கு. கோபுரத்துக்கு நூற்றுப் பதினேழு படி, லிஃப்ட் கிடையாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. காலையில் அவரைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, படுக்கை விரிப்பை அலசிப் போட்டுவிட்டு, பகல் பொழுதுக்கு நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு நாலு தெரு தள்ளியிருக்கும் துறைமுகத்துக்கு ஓடுவாள். அலுவலகத்துக்கு வந்து சேரும்போதே அவளுக்கு ஒரு நாள் முடிந்து போனது போலிருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எழுபத்தோராவது படியில் அவளுடைய இடது முட்டி மடங்க மறுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியதே தவிர, உடம்பு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. முடிதிருத்துபவர் கையில் கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்து கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். பாதி முடி வெட்டிய ஆளும் துணியைப் போர்த்தியபடியே அவர் பின்னால் வந்து நின்றான். எதிரே தையற்கடையில் நாலு பெண்கள் மூடிய டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சு நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. ஒருத்தரும் டப்பாவைத் திறக்கவில்லை. அவளுக்குக் கோபமாக வந்தது. 'பசிச்சா சாப்பிடுங்களேன், நான் என்ன உங்க வாய்க்குப் பூட்டா போட்டிருக்கேன்?' என்று முணுமுணுத்தாள்.

பன்னிரண்டே காலுக்குத் தபால் பிரிவுக் கண்காணிப்பாளர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"என்னம்மா ஆச்சு? கீழ போன் விடாம அடிக்குது. ஊரே கொலைப் பட்டினி!"

"முட்டி மக்கர் பண்ணுது சார்."

"இன்னும் நாப்பத்தாறு படிதாம்மா. மெதுவா ஏறிடலாம், நான் பிடிச்சுக்கறேன்."

"என்னால முடியாது சார். நீங்க போய்க் கூப்பிடுங்க."

"நானா? எனக்கு எங்கம்மா அந்தக் குரல்?"

"எனக்கு மட்டும் பொறந்தப்பவே இருந்துச்சா?"

அவர் அவளைப் பார்த்தார், மேலே போகும் படிகளைப் பார்த்தார், சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு ஏறினார். கொஞ்ச நேரம் கழித்து உச்சியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதல் தடவை பாதியில் உடைந்தது. இரண்டாவது தடவை இருமலாக முடிந்தது. மூன்றாவதுதான் ஒருமாதிரி தேறியது. தெருவில் குபீரென்று சிரிப்பு. ஆனால் ஷட்டர்கள் இறங்கின, தையற்கடையில் டப்பா மூடிகள் திறந்தன. ஊர் சாப்பிட உட்கார்ந்துவிட்டது.

அவ்வளவுதானா என்று அவளுக்கு இருந்தது. தோளிலிருந்து ஏதோ இறங்கினாற்போலவும் இருந்தது, நெஞ்சில் ஏதோ சுருக்கென்று தைத்தாற்போலவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இறங்கி வந்த கண்காணிப்பாளர் அவள் பக்கத்துப் படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தினமும் இதையா பண்றீங்க?"

"ஞாயித்துக்கிழமையும் சேர்த்து. வேற ஆளைப் போடச் சொல்லி மூணு தடவை மனு எழுதிக் குடுத்தேன் சார்."

"தெரியும்மா." அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "மூணும் என் டிராயர்லதான் இருக்கு. மேல அனுப்பவே இல்ல."

"ஏன் சார்?"

"அனுப்பினா வேற ஆள் தேடணும். நீங்க எப்படியும் ஏறிடுவீங்கன்னு விட்டுட்டேன். தப்புதான்."

அவளுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. "கையக் குடுங்க சார், எறங்கணும்" என்றாள். ஒவ்வொரு படியாக இறங்க அரை மணி நேரம் பிடித்தது.

சாயங்காலம் வீட்டில் நுழைந்ததும் நாத்தனார் கேட்டாள்: "இன்னைக்குக் கூவினது யாரு அண்ணி? பூனை வாலை மிதிச்ச மாதிரி இருந்துச்சு. அண்ணன் சிரிச்ச சிரிப்புல புரையேறிடுச்சு." அவள் புருஷன் கோணிய வாயோடு இன்னொரு தடவை சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் கண்காணிப்பாளர் ஒரு முறைப் பட்டியல் போட்டார். வாரத்தில் நாலு நாள் கிரேன் ஓட்டுநர்கள், இரண்டு நாள் காவலாளி, ஒரு நாள் அவரே. அவள் பெயர் அதில் இல்லை. புதன்கிழமை முட்டியை டாக்டரிடம் காட்ட லீவு எடுத்தவள், நேரத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மத்தியானம் யாரோ ஒரு கிரேன்காரர் முரட்டுக் குரலில் கூப்பிட்டார். அவள் ஒரு தட்டில் போட்டுப் புருஷனுக்கு ஊட்டினாள், இன்னொரு தட்டில் தனக்குப் போட்டுக்கொண்டாள். நாலு வாய்கூட இறங்கியிருக்காது. சுவரில் தலையைச் சாய்த்தவள், கையில் சோறு காயக் காய அப்படியே தூங்கிப்போனாள். நாத்தனார் எழுப்ப வந்தாள். வேண்டாம் என்று அவர் இடது கையால் ஜாடை காட்டினார்.