சக்ரபாணி நகர்த்திய அம்பு

மாதாப்பூர் அலுவலகத்துக்கு ஒயர் இல்லாத மவுஸ் வந்திறங்கிய அன்றைக்கே ரோஸ்லினுக்கும் பக்கத்து மேஜை சக்ரபாணிக்கும் முட்டிக்கொண்டது. அமைப்பதென்னவோ சுலபம்தான். ரிசீவர் என்ற சின்னப் பெட்டியைக் கம்ப்யூட்டரில் சொருகி, அதிலுள்ள பொத்தானை அழுத்தி, உடனே மவுஸின் அடிவயிற்றிலுள்ள பொத்தானையும் அழுத்தினால், இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். இவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தித் தொலைத்தார்கள். சக்ரபாணி தன் மவுஸை நகர்த்த, ரோஸ்லினின் திரையில் அம்பு ஓடியது.

"அரே, உன் அம்பு என் பேச்சைக் கேக்குது மா!" என்று அதை வட்டமடிக்க வைத்துக் காட்டினார்.

மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம் அவருடையது. தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. வாயைத் திறந்தால் தமிழ்தான், நடுநடுவே அந்த ஊர் உருதுவில் ஆமாவுக்கு ஹவ்வும் வேண்டாமுக்கு நக்கோவும். தூத்துக்குடியிலிருந்து வந்த ரோஸ்லினுக்கோ வேறு கவலை. வாடிக்கையாளர்களுக்கு மென்பொருளை ஓட்டிக் காட்டிய போன டெமோவில் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுபோனதால், அவளை வேலையில் நிரந்தரமாக்குவதைத் தள்ளி வைத்திருந்தார்கள். நாளைக்கு மறு டெமோ. இதிலும் சொதப்பினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"சார், எங்கிட்ட தமிழ் பேசாதீங்க. இங்கிலீஷ்லயே பேசுங்க. நான் அரட்டை அடிக்கேன்னு மேனேஜர் நினைக்காரு."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஷூர், மேடம்," என்றார்.

ஒருவர் பின் ஒருவராகப் பொத்தான்களை அழுத்தி, அவரவர் மவுஸ் அவரவருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அதன்பின் அவர் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாடா என்று ரோஸ்லின் டெமோவை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ஒத்திகை பார்த்தாள். அம்பு அவ்வப்போது திக்கித் திக்கி ஓடியது. புது மவுஸ், பழகினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் கூட்ட அறையில், டெமோ பார்க்க வந்த லாரிக் கம்பெனிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரோஸ்லின் பெரிய திரையின் அருகே, மவுஸோடு நின்றாள். அவளுடைய ரிசீவர், கம்ப்யூட்டரோடு நீள மேஜையின் நடுவில் இருந்தது. கடைசி நேரத்தில், குறிப்பெடுக்கிறேன் என்று லாப்டாப்பும் மவுஸுமாக நுழைந்த சக்ரபாணி அதன் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

முதல் பக்கம் நன்றாகப் போனது. இரண்டாவதில் அம்பு நின்றுவிட்டது. மவுஸைத் தட்டினாள், தேய்த்தாள். பாட்டரி செத்துவிட்டது என்று புரிந்தது. மேனேஜர் உதட்டைக் கடித்தார். மாதாவே, மறுபடியுமா?

அப்போது அம்பு நகர்ந்தது. அவள் கை அசையவே இல்லை. சக்ரபாணி ஒன்றும் அறியாதவர் போல லாப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை ரிசீவர் மேல், வலது கை தன் மவுஸின் மேல். பொத்தான்களை அழுத்தித் தன் மவுஸை அதோடு சேர்த்துவிட்டார் என்று ரோஸ்லினுக்கு விளங்கிவிட்டது. அவள் பேசப் பேச அம்பு சொன்ன இடத்துக்கெல்லாம் போனது. ஒத்திகை முழுவதும் அவர் காதில் விழுந்திருந்ததே!

"திரும்பி வந்த சரக்கையெல்லாம் காட்டுங்கள், பார்க்கலாம்," என்று வந்தவர்களில் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

இது ஒத்திகையில் இல்லாதது. அம்பு திக்குத் தெரியாமல் நின்றது. ரோஸ்லின் திரையைப் பார்த்தபடி, தனக்குத்தானே முணுமுணுப்பவள் போலச் சொன்னாள்.

"இடப்பக்கம் அண்ணே, மேல இருந்து மூணாவது. அதுக்குள்ள கடைசி வரி."

அண்ணே என்று எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. அம்பு நேராகப் போய் அந்த வரியில் நின்றது.

எல்லோருக்கும் திருப்தி. அவர்கள் போனதும், வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மேனேஜர் கை கொடுத்தார். அம்பை நகர்த்தியது தான் இல்லை, சக்ரபாணி என்று ரோஸ்லின் அங்கேயே சொல்லிவிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இருவரும் தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள். "ரொம்ப நன்றி," என்றாள்.

"நோ மென்ஷன், மேடம்."

அந்த மேடம் அவளைச் சுருக்கென்று தைத்தது. "தமிழ்ல சொல்லுங்கண்ணே."

மேனேஜர் இருக்கிறாரா என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மடை திறந்துகொண்டது.

"கைக்கு மா, எதுக்கு நன்றியெல்லாம்? நக்கோ! நேத்தே உன் அம்பு திக்குச்சு, பாட்டரி போகுதுன்னு தெரிஞ்சிடுச்சு. கோவத்துல சொல்லாம விட்டுட்டேன். வீட்டுக்குப் போனா மனசு கேக்கல்லே. இன்னைக்கு வந்து சொல்லலாம்னா நீ அதுக்குள்ள ரூமுக்குள்ள போயிட்டே. அதான் என் மவுஸைத் தூக்கிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தேன்."

ரோஸ்லினுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷரின் வாயையா அடைத்தோம் என்றிருந்தது. நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் பேசுங்கண்ணே," என்றாள்.