உலைச் சட்டைப் பை

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. இனிமேல் பிளாஸ்டிக் பைக்கு இடமில்லை, வீட்டில் கிடக்கும் பழைய துணியில் தைத்த பையில்தான் பிள்ளைகள் சாப்பாடு கொண்டுவர வேண்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். அங்கே மகளைப் படிக்கவைத்த தையல்காரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் முதல்முறையாக அவளுக்குத் தெரிந்த வேலையைக் கேட்டிருந்தது.

ஆனால் வீட்டிலிருந்த பழைய துணியெல்லாம் தொட்டால் கிழிகிற ரகம். அவள் புலம்பியதைக் கேட்டு அவள் புருஷன் தன் பழைய வேலைச் சட்டையைக் கொண்டுவந்தான். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் தொழிற்சாலையில் அவன் உலைக்காரன். புதுச் சட்டை தரும்போது பழையதை எரித்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. அவ்வளவு கெட்டியான துணியை எரிக்க யாருக்கு மனசு வரும்?

"இதுல ஈயம் ஒட்டியிருக்காதா?" என்றாள்.

"சுடுதண்ணில நல்லா அலசு. அழுக்குதான, போயிடும்."

அவன் ஒன்றும் அசட்டையான ஆள் இல்லை. தொழிற்சாலையில் குளித்து, உடை மாற்றி, வீட்டுக்கு வந்து மறுபடியும் குளித்த பிறகுதான் மகளைத் தூக்குவான். வாயாடி என்று அவர்கள் கூப்பிடும் அந்தப் பெண் வாசலுக்கு ஓடிவந்தால், "அப்பா அழுக்குடா, தள்ளி நில்லு" என்பான். தையல்காரியும் தண்ணீர் தெளியும்வரை அந்தச் சட்டையைக் கைவலிக்கக் கசக்கினாள். தண்ணீர் தெளிந்தால் துணி சுத்தம். உலைக்காரர்கள் குடியிருந்த அந்த வரிசையில் எல்லோருக்கும் அதுதான் கணக்கு. பாவிகள், வேறெப்படித் தெரியும்?

பை அத்தனை அழகாக வந்தது. பார்த்த பக்கத்து வீட்டுக்காரிகள் தங்கள் புருஷன்மாரின் சட்டைகளோடு வந்து நின்றார்கள். எல்லோருக்கும் முகம் கோணாமல் தைத்துக் கொடுத்தாள். வகுப்பில் கைதட்டினார்கள். டப்பா எதற்கு என்று வாயாடி ரொட்டியை நேராகப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு போனாள்.

சில மாதங்களில் வாயாடி வாயடைத்துப் போனாள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். சோற்றைத் தள்ளிவிட்டாள். தெரிந்த எழுத்தையே மறக்கிறாள் என்று ஆசிரியை சொல்லியனுப்பினார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்று நினைத்துத் தையல்காரி முதுகில் இரண்டு வைத்தாள். அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள்.

"ரத்தத்துல ஈயம் நிறைய இருக்கும்மா. வீட்டுக்குள்ள எப்படி வருது?" என்று கேட்டார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர்.

உலைக்காரனுக்கு முகம் சிவந்தது. "நான் குளிக்காம புள்ளையத் தொட்டதே இல்ல டாக்டர். சத்தியமா."

டாக்டரின் பார்வை மகளின் மடியிலிருந்த பையில் நின்றது. "இது என்ன துணி?"

அன்று முழுக்கப் பேசாத மகள்தான் பதில் சொன்னாள். "அப்பா சட்டை. எங்கம்மா தச்சாங்க."

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு பையை வாங்கினார். துவைத்தால் அழுக்குதான் போகும், ஈயத்தூள் இழைக்குள்ளேயே இருக்கும் என்றார். ரத்தத்தில் இருப்பதை மருந்து குறைக்கும், மூளைக்குப் போய்விட்டதைத் திருப்பி எடுக்க முடியாது என்பதையும் சொன்னார். உலைக்காரன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான்.

மகளை ஆஸ்பத்திரியில் அவனிடம் விட்டுவிட்டுத் தையல்காரி குடியிருப்புக்கு ஓடினாள். அவள் தைத்த பைகள் அத்தனை வீட்டிலும் இருந்தன. முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, உங்க பையன் பையக் குடுங்க. சீக்கிரம்."

"என்னடி இப்படி மூச்சு வாங்குது? உள்ள வா. பொண்ணு எப்படி இருக்கா?"

உள்ளே தரையில் அந்த வீட்டுக் கைக்குழந்தை உட்கார்ந்திருந்தது. அண்ணனின் பையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுததே என்று, மிஞ்சிய சட்டைத் துண்டில் தையல்காரிதான் அதற்கும் குட்டியாக ஒன்று தைத்துக் கொடுத்திருந்தாள். அந்தக் குட்டிப் பையின் பட்டை குழந்தையின் வாயில் இருந்தது.

"பல்லு முளைக்குதுல்ல," என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுக்காரி. "உன் பையக் கடிச்சாத்தான் இவனுக்குத் தூக்கமே வருது."