நாலு தையலும் ஒரு பிரிண்டரும்

என் வீட்டுக்காரர் பல் துலக்கும் பிரஷ் வாங்கப் போனால்கூட வெறுங்கையோடுதான் வருவார். யோசித்துச் சொல்கிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருப்பார். அப்படிப்பட்ட மனிதரைப் பார்த்து, பத்து நாளைக்குள் ஒரு பிரிண்டர் வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார், இவர் விசேஷங்களுக்குப் படமெடுக்கப் போகிற ஹாலின் மேனேஜரம்மா.

"சாப்பிட்டுக் கைகழுவிட்டு வெளிய போறப்போ ஒவ்வொருத்தர் கையிலயும் அவங்க போட்டோ இருக்கணும். அப்புறம் அனுப்புறேன், ஆல்பத்துல வரும், அந்தக் கதையெல்லாம் எனக்கு வேணாம். அடுத்த வாரம் சனிக்கிழமை நம்ம ஹாலுக்கு இருபத்தஞ்சு வருஷம் முடியுது. மதியம் விருந்து. அன்னைக்குச் செஞ்சு காட்டுங்க. சரியா வந்தா இந்த வருஷம் பூரா இங்க நடக்கிற எல்லாமே உங்களுக்கு. இல்லைன்னா வேற ஆள் வச்சிருக்கேன்."

மேனேஜரம்மாவுக்கு எதுவும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில் ஏறி உட்கார்ந்திருக்கும். குறை கண்டுபிடிக்க மட்டும் கீழே இறங்கும்.

இவருக்கு வேண்டியது பிரிண்டர். எனக்கு வேண்டியது வேறு. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கள்ளி என்று யாரும் சொல்லக் கூடாது.

பதினோரு வருடத்துக்கு முன்னால், கல்யாணமான புதிது. ஒரு கம்பெனி விழாவுக்கு இவருடைய உதவியாள் வராததால் நான் போனேன். லைட்டு ஸ்டாண்டின் திருகை இவர் சரியாக முறுக்கவில்லை. நான் அதன் அடியில் குனிந்து, பையில் பேட்டரி தேடிக்கொண்டிருந்தேன். ஆளுயர ஸ்டாண்டு, தலையில் ஃப்ளாஷோடு அப்படியே சாய்ந்து என் தாடையில் இறங்கியது. ஒரே ரத்தம். இவர் அலறி அடித்துக்கொண்டு ஓடி வந்தார். வந்து ஃப்ளாஷைத் தூக்கிப் பார்த்தார். ஒரு தடவை அடித்தும் பார்த்தார். எரிந்தது. அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

நாலு தையல். உதட்டுக்குக் கீழே இடது பக்கம் தொடங்கி, தாடை விளிம்புவரை ஒரு கோடு. அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை. முகம் கழுவும்போது விரல் அதன்மேல் போய் வரும், அவ்வளவுதான். என் மனக்குறை வேறு. இவர் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னிப்புகூட வேண்டாம், "அடடா" என்றிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன். அதுவும் இல்லை. ஸ்டாண்டின் திருகை மட்டும் அன்றிலிருந்து மூன்று தடவை முறுக்குகிறார். அப்புறம், என்னை எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தக் கோட்டை அழிக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களாவது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் மறைக்கிறார்கள். இவருக்கு இது பதினோரு வருட உத்தியோகம். எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற படங்களில் என் துணியை உடுத்திக்கொண்டு யாரோ ஒருத்தி சிரிக்கிறாள்.

விழா நடக்கிற இடத்திலேயே அச்சடித்துக் கொடுப்பதென்றால் அழிக்க நேரம் இருக்காது. இது எனக்கு உடனே உறைத்தது. இவருக்கு உறைக்கவில்லை. அன்றிலிருந்து பிரிண்டர் விஷயத்தில் எனக்கும் ரொம்ப அக்கறை வந்துவிட்டது.

கேமரா சாமான் விற்கிறவருக்கு எங்கள் வட்டாரத்தில் கேரண்டி என்று பெயர். எதைக் கேட்டாலும் கேரண்டி என்பார். ஆறு நாள் யோசித்து, ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி முடித்த பிறகு, இவர் என்னையும் அழைத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனார்.

அங்கே மூன்று இருந்தன. முதலாவது சட்டைப் பையில் வைக்கிற அளவு. அதிலிருந்து வந்த படமும் பஸ் டிக்கெட் அளவுதான். அதை அங்கேயே வைத்துவிட்டோம். இரண்டாவது வெள்ளையும் ரோஜா நிறமுமாக மினுமினுவென்று இருந்தது, மை தெளித்து அச்சடிக்கிற வகை. படத்தில் இருக்கிற முகத்தை அதுவே கண்டுபிடித்து, புள்ளி, வடு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் அச்சடிக்கும். நான் அதற்குச் சிங்காரி என்று பெயர் வைத்தேன். மூன்றாவது கறுப்பாக, கனமாக, ஒரு செங்கல். மைக்குப் பதில் ரிப்பன். அதற்குத் திரையும் கிடையாது, அழகுபடுத்தவும் தெரியாது. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும்.

சிங்காரியைப் பார்த்ததும் இவர் முகம் மலர்ந்தது. பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படி மலர்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, ரெண்டு நாள் வச்சுப் பாருங்க," என்றார் கேரண்டி. "செங்கல்லுக்கு மட்டும் ஒண்ணு சொல்லிடறேன். தூசி ஆகாது. ரிப்பன்ல ஒரு தூசி ஒட்டிச்சுன்னா படத்துல கோடு விழும். மத்தபடி கேரண்டி."

"கோட்டுக்கு?" என்று கேட்டேன்.

"கோட்டுக்குக் கேரண்டி இல்லம்மா."

சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் வைத்துச் சோதனை ஆரம்பமானது. முதலில் சிங்காரி. என் மாமியார் எதிரே உட்கார்ந்திருந்ததால் அவரையே எடுத்து அச்சடித்தார் இவர். அத்தை படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, மறுபடியும் பார்த்தார்.

"என் மச்சம் எங்கடா?"

அத்தைக்கு மூக்கின் ஓரத்தில் மிளகு அளவு ஒரு மச்சம் உண்டு. குடும்பத்தில் நடந்த எல்லா நல்லதுக்கும் அதுதான் காரணம் என்பது அவர் கட்சி.

"மெஷின் தானா எடுத்துடுச்சும்மா. அழகா இருக்குல்ல?"

"போடா போக்கத்தவனே! பெத்தவ மூக்குல இருக்கிறதையே களவாடுது, இது ஊரான் வீட்டு விசேஷத்துல எதை எதை எடுக்குமோ!"

சிங்காரிக்கு வீட்டில் ஒரு ஓட்டு குறைந்தது. 

அடுத்தது செங்கல். இதற்கு என்னை ஜன்னல் ஓரம் நிற்க வைத்து எடுத்தார். எடுத்த கையோடு லேப்டாப்பைத் திறந்தார், தாடையைப் பெரிதாக்கினார், அழிக்க ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஸ்கின் கலர் சரியா வருதான்னு பார்க்கணும்ல."

"அது என் ஸ்கின்னே இல்லையேங்க. இல்லாத தோலை வச்சு எப்படிக் கலர் பார்ப்பீங்க?"

இவர் நோட்டை எடுத்து எதையோ எழுதினார். அப்புறம் நான் எடுத்துப் பார்த்தேன். "செங்கல்: காகிதம் நல்ல கனம்" என்று இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். கிழித்தால் மறுபடியும் ஆறு நாள் யோசிப்பார்.

செங்கல் அச்சடிக்கிற விதம் வேடிக்கையாக இருக்கும். காகிதம் நாலு தடவை வெளியே வந்து நாலு தடவை உள்ளே போகும். முதல் தடவை மஞ்சள் மட்டும். இரண்டாவது தடவை சிவப்பு ஏறும். மூன்றாவது நீலம், அப்போதுதான் முகம் முகமாகும். நாலாவது தடவை மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு. அதற்குப் பிறகு தண்ணீர் பட்டாலும் நகம் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

முதல் தடவை வெளியே வந்ததுமே அத்தை காகிதத்தைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"ஐயையோ, மஞ்சக்காமாலை வந்தவ மாதிரி இருக்காளே!"

உள்ளே ஏதோ கடகடவென்றது. செங்கல் நின்றது. ரிப்பனை வெளியே எடுத்து, சிக்கெடுத்து, திரும்பப் போட்டு மறுபடி அச்சடித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. விழாவிலும் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள் என்று எனக்குப் புரிந்தது. ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன்: நாலு தடவை வரும். நாலாவது தடவைக்கு முன்னால் தொட வேண்டாம்.

இவர் மனசு இன்னமும் சிங்காரி பக்கம்தான் சாய்ந்திருந்தது. "டச்-அப் தானா பண்ணிடுது, அதுதான் பெரிய வசதி," என்று மூன்று தடவை சொன்னார். நான் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு சமையலறைக் குழாயடிக்குப் போனேன்.

"மேனேஜரம்மா என்ன சொன்னாங்க? கைகழுவிட்டு வெளிய போறப்போன்னு சொன்னாங்க. இருநூறு பேரும் ஈரக்கையோடதான் வாங்குவாங்க."

தண்ணீரைத் திறந்தேன். சிங்காரி அச்சடித்த அத்தையின் முகம் கழுத்து வழியாக வழிந்து தொட்டியில் இறங்கியது. செங்கல் படத்தைத் துண்டால் துடைத்தேன், அப்படியே இருந்தது. இவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்துச் சிங்காரியின் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். நான் பாத்திரம் கழுவப் போனேன். சிரிப்பை அடக்க எனக்குப் பாத்திரம் தேவைப்பட்டது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே ஹாலுக்குப் போய்விட்டோம். வாசலுக்கும் கைகழுவும் இடத்துக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு மேஜை. இவர் ஸ்டாண்டை நிறுத்தி மூன்று தடவை முறுக்கினார். நான் செங்கல்லின் பக்கத்தில் ஈரத்துணியோடு உட்கார்ந்தேன், தூசி துடைக்க. இவர் எடுப்பார், கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி என்னிடம் தருவார், நான் செங்கல்லில் சொருகுவேன்.

கூட்டம் வந்த பிறகு மூச்சு விட நேரமில்லை. மஞ்சள் முகம் வெளியே வரும், வரிசையில் நிற்கிறவர்கள் "ஐயோ" என்பார்கள். சிவப்பு ஏறும், "ஆங்" என்பார்கள். நீலம் ஏறியதும் சம்பந்தப்பட்டவர், "நான்தான்! நான்தான்!" என்று கத்துவார். யாருமே அவசரப்படவில்லை. அடுத்தவர் முகம் வருவதைப் பார்க்கவே ஆட்கள் நின்றார்கள். அட்டையை மதிக்காமல் கை நீட்டியவர்கள் ஏழு பேர், ஏழு பேரின் கையிலும் ஈரத்துணியால் ஒன்று வைத்தேன். ஒரு பெரிய மனிதர் தன் வழுக்கையைக் கொஞ்சம் மறைக்க முடியுமா என்று கேட்டார். மெஷினுக்குப் பொய் சொல்ல வராது என்றேன்.

மூன்றரை மணிக்கு வரிசை தீர்ந்தது. மேனேஜரம்மா வந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது, நல்ல அறிகுறி.

"ஒருத்தர்கூடக் குறை சொல்லலை. சரி, நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க. உங்களை யாரு எடுப்பாங்க? கேமராவைக் குடுங்க, நான் அமுக்குறேன்."

நின்றோம். ஃப்ளாஷ் அடித்தது. நான் கார்டை வாங்கிச் செங்கல்லில் சொருகப் போனேன்.

"இரு, இரு," என்று இவர் பையைத் திறந்தார். உள்ளே துழாவினார். லேப்டாப் இல்லை. காலையில் அதைப் பையிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் வைத்தது நான்தான்.

சொருகினேன்.

மஞ்சள் வந்தது. இரண்டு பேருக்கும் காமாலை, தாடையில் ஒன்றும் இல்லை. உள்ளே போனது. சிவப்பு வந்தது. கன்னம் தெரிந்தது, உதட்டுக்குக் கீழே மயிரிழை போல ஏதோ தெரிந்தது. இவர் பக்கத்தில் வந்து நின்றார்.  நீலம் ஏறியது. கோடு முழுசாக வந்துவிட்டது, உதட்டிலிருந்து தாடைவரை, நாலு தையலின் புள்ளியோடு. பதினோரு வருடத்துக்குப் பிறகு ஒரு படத்தில் நான் இருந்தேன். நாலாவது தடவை பூச்சு ஏறி, பளபளவென்று வந்து விழுந்தது.

மேனேஜரம்மா அதைக் கையில் எடுத்தார். கண்ணாடி இறங்கியது.

"இது என்ன, தாடையில கோடு? மெஷின் கோளாறா? இருநூறு பேருக்குக் குடுத்திருக்கோமே, எல்லாத்துலயும் இப்படித்தான் விழுந்திருக்கா?"

ஒரு தூசி போதும், இவர் தப்பித்துவிடலாம். தூசி ஒட்டிடுச்சுங்க, இது ஒண்ணுலதான், சரி பண்ணி வேற போட்டுத் தரேன். கேரண்டி சொல்லிக் கொடுத்த பதில் கைவசம் தயாராக இருந்தது. அது இவர் நாக்கு நுனிவரை வந்ததை நான் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். நான் உதவி செய்யவில்லை. ஈரத்துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"மெஷின் கோளாறு இல்லீங்க," என்றார் இவர். "இவ முகத்துலயே இருக்குங்க."

மேனேஜரம்மா நிமிர்ந்து என் தாடையைப் பார்த்தார்.

"நான் பண்ணதுங்க. பதினோரு வருஷம் ஆச்சு. ஸ்டாண்டை ஒழுங்கா முறுக்கலை. இவ மேல சாஞ்சிடுச்சு. இவ ரத்தம் கொட்டிட்டு நிக்கிறா, நான் போய் ஃப்ளாஷைத் தூக்கிப் பார்த்தேன்."  பிறகு என் பக்கம் திரும்பினார். "தப்பும்மா அது. இந்தக் கோட்டைப் பார்க்கிறப்பெல்லாம் அதுதான் ஞாபகம் வருது. பார்க்க முடியலை. அதான் அழிச்சு அழிச்சு வச்சேன்."

இந்த நாளுக்காகப் பதினோரு வருடமாகப் பதில்கள் சேர்த்து வைத்திருந்தேன். சமைக்கும்போது, துணி காயப்போடும்போது, ஒவ்வொன்றாக. எல்லாம் நறுக்கென்று குத்துகிற மாதிரியான பதில்கள். ஒன்றும் வாயில் வரவில்லை.  படத்தை மேனேஜரம்மாவின் கையிலிருந்து வாங்கினேன். என் கையும் ஈரமாக இருந்தது, படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேனேஜரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"திங்கக்கிழமை வந்து தேதியெல்லாம் குறிச்சுக்கங்க," என்றார் இவரிடம். இரண்டு அடி நடந்து, திரும்பி என்னைப் பார்த்தார். "அந்த ஃப்ளாஷுக்கு என்ன ஆச்சு?"

"அதுக்கு ஒண்ணும் ஆகலைங்க," என்றேன். "இப்ப நீங்க அமுக்கினப்போ அடிச்சதும் அதுதான்."

அவர் போய்விட்டார். எல்லாவற்றையும் கழற்றிக் கட்ட வேண்டிய நேரம். இவர் ஸ்டாண்டிடம் போனார், திருகைப் பிடித்தார், இன்னொரு தடவை முறுக்கினார்.