பச்சைப் பொத்தானில் ஒரு சந்தனப் பொட்டு

மூன்றாவது கேள்விக்கு மோனிகா ஆறு என்று எழுதினாள். 'கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்?' என்பது கேள்வி. பக்கத்தில் ஜெகனும் ஆறுதான். கும்மிடிப்பூண்டி அரசுப் பயிற்சி மையத்தின் மாலை வகுப்பில் இருந்த இருபத்திரண்டு பேருமே ஆறுதான். பயிற்றுநர் தணிகாசலம் சார் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தார்.

"பொய்னு நெனச்சிக்காதீங்க. அவங்க நம்மகூட கையெழுத்து போட்டா, மூணு வருசமா அந்த மெஷினுக்குக் கேட்டுகினு இருக்கிற கரண்டு லோடு வந்துடும். மெஷின் ஓடும். அப்போ ஆறு உண்மையாயிடும். இல்லன்னா ஜூன்ல ஈவினிங் கிளாசையே இழுத்து மூடிடுவாங்க."

'அவங்க' என்று அவர் சொன்னது மலாவி நாட்டிலிருந்து வந்திருந்த சிக்கோண்டி அம்மையாரை. அந்நாட்டுத் தொழிற்கல்வித் துறை அதிகாரி. தங்கள் அரசுப் பயிற்றுநர்கள் இருபது பேரை அனுப்பிப் பழக்க இந்தியா தோதுப்படுமா என்று மையம் மையமாகப் பார்த்துவந்தார்.

மோனிகாவுக்குப் பகலில் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் கையுறை எண்ணிப் பெட்டியில் அடைக்கும் வேலை. அதைவிட்டு மெஷினுக்குப் போக வேண்டும் என்றுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே இங்கே வந்துவிடுவாள். வகுப்பு முடிந்ததும் எந்த மெஷினில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துவைப்பாள். நூற்றுச் சொச்சம் நாட்கள் எழுதியாகிவிட்டது. சி.என்.சி. என்ற பத்தியில் ஒரு எண்கூட இல்லை.

படிவங்களை அம்மையாரிடம் கொடுத்தபின், தட்டுத்தடுமாறியாவது ஆங்கிலம் பேசுவாள் என்று சார் அவளையே கூட அனுப்பினார்.

"இன்னா மோனிகா, கைடு வேலையா? டிப்ஸ் வந்தா பாதி எனக்கு," என்றான் ஜெகன்.

சிக்கோண்டி அம்மையார் ஒவ்வொரு லேத்தையும் குனிந்து பார்த்தார். கடைசியில் சி.என்.சி. மெஷின். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். சர்வீஸ் ஆள் வரவேண்டியிருப்பதால் இன்று மட்டும் ஓடாது என்று மோனிகா மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். அவர் தலையாட்டிவிட்டு, பச்சைப் பொத்தானைக் காட்டினார்.

"இந்த மஞ்சள் வட்டம் என்ன? நடுவில் சிவப்பு?"

சொல்லிக்கொடுக்காத கேள்வி. ஆனால் பதில் தெரிந்த கேள்வி. அவளுக்கு உற்சாகமாகிவிட்டது.

"சந்தனம், குங்குமம். ஆயுத பூஜை அன்று கருவிகளுக்கு நன்றி சொல்வோம். எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு. ஆனாலும் இதை நான்தான் வைத்தேன். அக்டோபரில்."

"அக்டோபர்," என்று திரும்பச் சொன்னார் அவர். ஆள்காட்டி விரலைப் பொத்தானுக்கு நேரே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

அப்போதுதான் மோனிகாவுக்கு உறைத்தது. இது பிப்ரவரி. அந்தப் பொத்தானை அழுத்தாமல் மெஷின் ஓடாது. ஒருநாள் அழுத்தியிருந்தாலும் பொட்டு நின்றிருக்காது. அது ஓரம்கூடக் கலையாமல், காய்ந்து வெடித்து, அவள் வைத்தபடியே இருந்தது. காதுமடல் சுட்டது. ஒளிந்துகொள்ள மெஷினுக்குப் பின்னால்கூட இடமில்லை.

அம்மையார் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"எங்களிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதை ஓட்டக் கற்றுக்கொள்ளத்தான் ஆட்களை அனுப்பப் பார்க்கிறேன்." கையிலிருந்த கட்டிலிருந்து மோனிகாவின் படிவத்தைத் தேடி எடுத்தார். "ஒருமுறை சரிபார்த்துத் தருகிறாயா?"

இருபது பேர். யாரோ வீட்டை விட்டுக் கடல் தாண்டி வந்து, இந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆறை அடித்தால் ஜூனில் கதவு மூடும். அடிக்காவிட்டால் அவர்கள் வருவார்கள். மோனிகா ஆறை அடித்தாள். சைபர் போட்டாள். கீழே லேத்து என்று எழுதி, நோட்டைப் பார்த்து ஒன்பது என்று போட்டாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அம்மையார் படிவத்தை வாங்கி, யாருடையது என்று தெரியாதபடி கட்டின் நடுவில் செருகினார். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்பது இன்னும் கூசவைத்தது.

கார் போனபின், அம்மையார் பொத்தானைக் காட்டியதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்ட தணிகாசலம் சார் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் பொத்தானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சந்தனம் போய்விட்டது. குங்குமக் கறை போகவில்லை.

"நீ ஒண்ணும் தப்பா சொல்லலமா. எல்லாத்தயும் தொடச்சேன், இத மறந்துட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை.

"சார், நான் ஆற அடிச்சிட்டேன். சைபர்னு போட்டுட்டேன்."

தேய்த்த கை நின்றது. பிறகு மறுபடி தேய்த்தது.

"லேத்துக்கு எத்தினி போட்ட?"

"ஒம்போது சார். நோட்டப் பாத்துதான்."

"பத்துமா. போன சனிக்கிழம ஒரு மணி நேரம் கூட நின்னோமே, அத உட்டுட்ட."

மோனிகா நோட்டைப் புரட்டினாள். அவர் சொன்னது சரி. அந்தச் சனிக்கிழமையை அவள் எழுதவே இல்லை.