திரும்பி வருவதற்கான காரணம்

விசா அலுவலகத்துக்கு எதிரே சாலையைத் தாண்டினால் மூன்றாவது கதவு என் கடை. கடை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நினைத்தால் மட்டும் வேலை செய்யும் ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலி. வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு விசா ஃபார்ம் நிரப்பிக் கொடுப்பது என் பிழைப்பு. பதினாறு வருஷமாக இதே மேசை. என் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஃபார்ம் அக்கா என்றால் கை காட்டுவார்கள். அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும் என்பதையும் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

கோபம் வராமல் என்ன செய்யும்? பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசமாவது செல்லுபடியாக வேண்டும் என்று கதவிலேயே பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். அந்தத் தாள் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு, அடுத்த மாசம் முடியுது, பரவாயில்லையா என்று கேட்பார்கள். போட்டோவில் இரண்டு காதும் தெரிய வேண்டும், பின்புறம் வெள்ளையாக இருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது என்றால், கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். ஓரத்தில் யாருடைய தோளோ பாதி இருக்கும். அந்தத் தோளுக்கும் சேர்த்து விசா எடுக்கணுமா என்று கேட்டு, பக்கத்து ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிடுவேன்.

இதெல்லாம் சில்லறைத் தலைவலி. ஆளைக் கவிழ்ப்பது பதினெட்டாவது கட்டம். நீங்கள் ஊர் திரும்புவதற்கான காரணம் என்ன, உங்களுக்காக இங்கே இருப்பவர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன. சுற்றுலா விசா கொடுக்கிற அதிகாரிகளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். போனவர் திரும்பி வராமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டால்? அதனால் அந்த எண்ணுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் போன் போடுவார்கள். கேள்வி மூன்றுதான். இவரைத் தெரியுமா, இவருக்கு இங்கே யார் இருக்கிறார்கள், இவர் திரும்பி வருவாரா.

மூன்று கேள்விதானே என்று நினைக்க வேண்டாம். ஒருவருடைய மச்சான் மூன்றாவது கேள்விக்கு, அவன் வராம இருந்தா வீட்ல நிம்மதிதான் என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தார். அதிகாரிக்கு விளையாட்டு புரியவில்லை. அந்த மனிதர் மறுபடி விசா வாங்க ஒரு வருஷம் ஆயிற்று. அன்றைக்கு நான் ஒரு வழக்கம் வைத்தேன். பதினெட்டாவது கட்டத்தில் யார் பேரை எழுதுகிறோமோ அவரை நேரில் அழைத்து வர வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நானே அதிகாரியாகக் கேட்பேன். பதில் இவ்வளவுதான்: "அவங்க திரும்பி வருவாங்க. நான் காத்துட்டிருக்கேன்." கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். மனைவிமார்கள் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள். மாமனார்கள் சாட்சிக் கூண்டில் ஏறியதுபோல் சொல்வார்கள். மூன்று தடவை பிசிறில்லாமல் சொல்லும்வரை ஒருவரையும் விட்டதில்லை. அதற்குப் பிறகு என் கையால் நிரப்பிய ஃபார்ம் அந்தக் கட்டத்தில் திரும்பி வந்ததே இல்லை என்று கொஞ்சம் கர்வமும் உண்டு.

எனக்கு ஒரே ஒரு அண்ணன். நான் விசா ஃபார்ம் நிரப்பித் தருகிற அந்த நாட்டுக்கே வேலை கிடைத்துப் போய், அங்கேயே தங்கிவிட்டவர். அப்பா அம்மா போன பிறகு, ரத்த சொந்தம் என்று எனக்கு இருப்பது அவரும் அவர் மகனும்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களெல்லாம் களைத்துப்போய்ப் பல வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனோடு போனில் பேசுவேன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம் கழித்து, "நீங்க யார் பேசறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

பிறகு அண்ணன் மகன் போனை வாங்கி, சில நாள் இப்படித்தான் அத்தை, சில நாள் நல்லா இருப்பார் என்றான். டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். நல்ல நாட்கள் குறைந்துகொண்டே போகும் என்றாராம். வர்றதா இருந்தா சீக்கிரம் வாங்க என்றான். அவருக்கு என்னைத் தெரிகிற ஒரு நாளில் போய் எதிரே உட்கார்ந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்றைக்கே எனக்கான ஃபார்மை எடுத்தேன். பதினேழு கட்டம்வரை பேனா நிற்கவே இல்லை. பதினெட்டில் நின்றது. ஊர் திரும்புவதற்கான காரணம். வீடு வாடகை வீடு. கடையும் வாடகை. எனக்காக இங்கே இருப்பவர். போனில் இருக்கிற எண்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். எல்லாம் ஃபார்ம் நிரப்பிப் போனவர்கள். பலபேர் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் போன தேதியைத்தான் போட்டுவைத்திருந்தேன். இந்தத் தெருவுக்கே நான்தான் அக்கா என்று இருந்தவளுக்கு, ஒரு கட்டத்தில் எழுத ஒரு பேர் இல்லை. அழுகை வந்தது. ஃபார்ம் நனைந்தால் புதிதாக எழுத வேண்டுமே என்று தள்ளி வைத்துவிட்டு அழுதேன்.

கடைசியில் ஸ்டூடியோக்காரர் பேரை எழுதினேன். என் கடைக்கும் அவர் ஸ்டூடியோவுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். பன்னிரண்டு வருஷமாக அவர் சொல்வது எனக்குக் கேட்கும். நாடியைக் கொஞ்சம் இறக்குங்க, காதைக் காட்டுங்க, சிரிக்காதீங்க. ஊரெல்லாம் போட்டோக்காரன் சிரிக்கச் சொல்வான், இவருக்கு மட்டும் சிரிக்காதே என்று சொல்லியே பிழைப்பு. அவரும் அதிகம் சிரித்துப் பார்த்ததில்லை. மனைவி தவறிப்போனதுகூட, ஸ்டூடியோ பூட்டியிருந்ததைப் பார்த்து நான் பக்கத்தில் விசாரித்ததில்தான் தெரிந்தது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவரிடம் போய், ஒரு போன் வரும் சார், எடுத்து என்னைத் தெரியும்னு சொல்லுங்க, போதும் என்றேன். சரிங்க மேடம் என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அவரைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. இந்த ஐம்பத்து மூன்று வயதில் நான், மனைவியை இழந்த ஒரு மனிதரை எதிரே வைத்துக்கொண்டு, நான் காத்துட்டிருக்கேன்னு சொல்லுங்க என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது? என்ன நினைப்பார்? வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். இதையே வேறு யாராவது செய்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

மூன்று வாரத்தில் உறை வந்தது. உள்ளே பாஸ்போர்ட், அதோடு ஒரு துண்டுத்தாள். திரும்பி வருவதற்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை. ஆறு மாதங்களுக்குப் பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது ஸ்டூடியோக்காரரே வந்தார். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்போல.

"போன் வந்துச்சு மேடம். தெரியுமான்னு கேட்டாங்க. நல்லாத் தெரியும், பன்னெண்டு வருஷமாத் தெரியும்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அவங்களுக்கு இங்க யார் இருக்காங்கன்னு கேட்டாங்க. யாரும் இல்லைன்னு சொன்னேன்." என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். "உண்மையைத்தானே சொன்னேன்? தப்பா?"

தப்பில்லை சார், போய் வேலையைப் பாருங்க என்றேன். சொன்ன விதத்தில் அவர் முகம் சுருங்கியது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அத்தனை சுலபமாக, சாலையில் போகிறவருக்கு வழி சொல்வதுபோல, யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறாரே! பன்னிரண்டு வருஷம் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து பார்த்த மனிதர். அவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

ஒரு வாரம் என் ஆட்களை இரண்டு தெரு தள்ளி இருந்த வேறு ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். அந்த மகானுபாவன் எல்லார் முகத்திலும் நிழல் விழும்படி எடுத்துத் தள்ளினான். ஏழு போட்டோ திரும்பி வந்தது. வேறு வழியில்லாமல், பழையபடி பக்கத்துக் கதவையே காட்டினேன். அவர் எப்போதும்போல எடுத்துக் கொடுத்தார்.

அந்த ஆறு மாசத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் மோசமாகிக்கொண்டே போயின. அண்ணன் என்னை ஒரு நாள் பேங்க்காரி என்று நினைத்துக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். ஒரு நாள் போனைக் கையில் வாங்கவே இல்லை. நடுவில் ஒரே ஒரு வாரம், அண்ணா என்றதும், "தலைவலி விட்டுதா உனக்கு?" என்றார். தலைவலி எனக்கு எப்போதோ பத்தாம் வகுப்பில் வந்தது. ஆனாலும் விட்டுதுண்ணா என்றேன்.

ஐந்தாவது மாசக் கடைசியில், விசா கிடைக்காது, கிடைத்தாலும் போய்ப் பிரயோஜனம் இல்லை என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அதை அண்ணன் மகனிடம் சொல்லத்தான் அந்த ஞாயிறு கூப்பிட்டேன். போனை அண்ணனே எடுத்தார். யார் என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், சும்மா விசாரிக்கக் கூப்பிட்டேன் என்றேன்.

"நல்லா இருக்கேங்க. கொஞ்சம் வேலையா இருக்கேன். என் தங்கச்சி வர்றா," என்றார். "ஜன்னலோரக் கட்டில் அவளுக்குத்தான். வேற யாரும் படுக்கக் கூடாதுன்னு சொல்லிவெச்சிருக்கேன்."

சின்ன வயசில் எங்கள் வீட்டில் ஒரு ஜன்னலோரக் கட்டில் இருந்தது. அதற்காக நாங்கள் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை. ஒரு நாள்கூட அவர் விட்டுக்கொடுத்ததில்லை. போனை வைத்துவிட்டு, கடைக் கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். எனக்காகக் காத்திருக்கிற ஒரே ஆள் அங்கே இருக்கிறார். விசாக்காரர்கள் கேட்பதோ இங்கே யார் என்று.

ஆறு மாசம் முடிந்த அன்று புது ஃபார்ம் எடுத்தேன். போட்டோ ஆறு மாசத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. பழையது செல்லாது. தலையை வாரிக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

ஸ்டூலில் உட்காரச் சொன்னார். பின்னால் வெள்ளைத் துணியை இழுத்துச் சரிசெய்தார். விளக்கைப் போட்டுவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் போனவர், படம் எடுக்காமல் நின்றார். பதினெட்டாவது கட்டத்தில் இந்தத் தடவை யார் என்று கேட்டார். அந்தக் கட்டம் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். ஒற்றைச் செங்கல் சுவர் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. நான் கத்துகிற கத்தலுக்கு அத்தனையும் அந்தப்பக்கம் கேட்டிருக்கும்.

"நீங்கதான் சார். வேற யாரும் இல்லை."

"அப்ப எனக்கும் சொல்லிக்குடுங்க. எல்லாருக்கும் மூணு தடவை சொல்லிக்குடுக்கறீங்க. எனக்கு மட்டும் ஒண்ணும் சொல்லலை."

முகத்தில் விளக்கு அடித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். அதிகாரி குரலில் ஆரம்பித்தேன். இவருக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள், நான் இருக்கேன்னு சொல்லணும். திரும்பி வருவாரா என்று கேட்பார்கள். அங்கே குரல் நின்றுவிட்டது. 

"அவங்க திரும்பி வருவாங்க, நான் காத்துட்டிருக்கேன். அப்படிச் சொல்லணும் சார்."

 அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பதுபோல் சொன்னார். "அவங்க திரும்பி வருவாங்க. நான் காத்துட்டிருக்கேன்."

இந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என்னைப் பற்றி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒத்திகைதான், எனக்குத் தெரியும். போனில் யாரோ கேட்டால் சொல்வதற்கு. ஒரு பிசிறும் இல்லாமல் முதல் தடவையே சரியாகச் சொல்லிவிட்டார், போதும் என்று எழுந்திருக்கலாம்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றேன்.

சொன்னார். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னேன். அதையும் சொன்னார். பிறகு கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை எடுத்தார்.

"இப்ப எடுக்க முடியாது மேடம். கண்ணுல ஈரம் இருந்தா லைட் பட்டு மினுங்கும். அவங்க திருப்பி அனுப்பிடுவாங்க."

துடைத்துக்கொண்டேன். கண்ணீர் நிற்கவில்லை. அவர் விளக்கை அணைத்துவிட்டு, சுவரோரமாக இருந்த ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். ஒண்ணும் அவசரமில்லை, மெதுவா ஆகட்டும் என்றார்.